காரைக்காலில் மூவருக்கு ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாள்

பாரிஸ் புறநகரில் நவிகோ அட்டையைக் கருவியில் தொட்டுவிட்டுப் பேருந்தில் ஏறிப் பழகிவிட்ட எனக்கு, பிறந்த ஊரில் ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் பெரும்பாடாகிவிட்டது. புதுச்சேரியிலிருந்து கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து வந்த ஏறத்தாழ 130 கிலோமீட்டர் பயணத்தில் குறையொன்றுமில்லை. சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காரைக்கால் மாவட்டத்துக்குள் எங்கும் விரைவாகப் போய்விடலாம் என்பதும் உண்மைதான், கையில் பத்து ரூபாய்த் தாள்கள் இருந்தால்.

சனிக்கிழமையன்று திருநள்ளாறு செல்லும் பேருந்துக் கூட்டத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பத்து ரூபாய்ச் சீட்டுக்கு 200 ரூபாய் நீட்டினேன். நடத்துநர் முகம் சுளித்து, சீட்டின் பின்புறம் 190 என்று கிறுக்கிக் கொடுத்தார். அந்தப் பழைய வழக்கத்தைக் கண்டதும் மனம் குளிர்ந்தது என்பதை மறைப்பானேன்! இறங்கும்போதுதான், என்னைப் போலவே 200 ரூபாய் கொடுத்திருந்த ஓர் அம்மாவையும் கல்லூரி மாணவர் ஒருவரையும் என்னோடு சேர்த்து நிறுத்தி, ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளையும் ஏழு பத்து ரூபாய்த் தாள்களையும் என் கையில் திணித்து, "மூணு பேரும் பிரிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார்.

தாளைத் தானே வைத்துக்கொண்டு எங்கள் பங்கைக் கைப்பேசியில் அனுப்பிவிடுவதாக மாணவர் சொன்னார். அந்த அம்மாவிடம் இருந்தது பொத்தான் கைப்பேசி. எனக்கோ இந்தியாவில் வங்கிக் கணக்கே இல்லை. நளதீர்த்தத்துக்குப் போகும் வழியில் பூக்கடை, எள்தீபக் கடை, தேநீர்க் கடை என்று ஏறி இறங்கினோம். கியூஆர் அட்டை தொங்காத கடை ஒன்றுகூட இல்லை. அதைக் காட்டியே எல்லோரும் சில்லறை இல்லையென்று கைவிரித்தார்கள். பிரான்சில் என்றால் இதற்குள் ஒரு புகார்க் கடிதத்தை மனத்துக்குள் எழுதி முடித்திருப்பேன். இங்கே அந்த அம்மா, "சும்மா கேட்டா யாரு தம்பி குடுப்பா?" என்று அதட்டிவிட்டு, தனக்கு எப்படியும் தேவைப்பட்ட அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு தாளை நீட்டிய பிறகுதான் கடைக்காரரின் கல்லா திறந்தது.

திரும்பும்போது ஆட்டோ பிடித்தேன். மீட்டரை அவர் தொடவுமில்லை, கேட்ட வாடகை நியாயமுமில்லை. ஆனாலும் பேரம் பேசாமல் ஏறிக்கொண்டேன். அவர் கேட்டது மீதி தரத் தேவையில்லாத முழு 200 ரூபாய்.