காலி சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லும் கார்: கோ-டிரைவர் சீட் சென்சாரோடு சில வருட அனுபவம்

2019 ஜூலையிலிருந்து இந்தியாவில் தயாராகும் கார்களில் டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் பெல்ட் நினைவூட்டல் கட்டாயம். அந்த வருடக் கடைசியில் வாங்கிய என் ஹேட்ச்பேக்கிலும் அது இருக்கிறது. டிரைவர் பக்கம் எளிது, யாராவது ஓட்டித்தானே ஆகவேண்டும், பக்கிள் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறாரா என்று காருக்குத் தெரிவதற்காக சீட் துணிக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் மேட் ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். டிவி ரிமோட் பட்டனுக்குள் நடப்பதுதான் அதற்குள்ளும் நடக்கிறது: உட்கார்ந்தால் கான்டாக்ட் புள்ளிகள் அழுந்திச் சேரும், எழுந்தால் பிரியும்.

ரொம்ப நாள் எந்தத் தொந்தரவும் இல்லை. லேப்டாப் பையையோ தண்ணீர் கேனையோ வைத்தால் கத்தும், அதைக் கோளாறு என்று சொல்ல முடியாது, எடை வந்தால் அது அப்படித்தான் செய்யும். அப்புறம் ஒரு கோடையில் காலி சீட்டுக்கே பீப் அடிக்க ஆரம்பித்தது. காலையில் வண்டி எடுக்கும்போது அமைதியாக இருக்கும், ஏசி போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினால் ஆரம்பிக்கும், ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்தால் மறுபடி சரியாகிவிடும். சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு "சென்சார் போச்சு சார், மேட் தனியா வராது, சீட் குஷனையே மாத்தணும்" என்றார்கள். சென்சார் உண்மையிலேயே போயிருந்தால் ஏசி போடும்போது மட்டும் ஏன் போகிறது என்று கேட்டேன், பதில் இல்லை. அதனால் நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

கை வைப்பதற்கு முன் ஒரு விஷயம், இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். சீட்டில் சைடு ஏர்பேக் உள்ள கார்களில் அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருக்கும். மஞ்சள் என்றால் ஏர்பேக் சம்பந்தப்பட்டது, அதில் மல்டிமீட்டர் வைக்கவே கூடாது, மீட்டர் அனுப்பும் சின்ன கரண்டுகூட ஏர்பேக்கை வெடிக்க வைக்கலாம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் சீட் அடியில் கை விட வேண்டும், ஏனென்றால் ஏர்பேக் யூனிட்டில் உள்ள கெப்பாசிட்டர் பேட்டரி இல்லாமலும் கொஞ்ச நேரம் சார்ஜை வைத்திருக்கும். எந்த கனெக்டரையாவது கழற்றிய நிலையில் இக்னிஷனைப் போட்டால் சில கார்களில் ஏர்பேக் எச்சரிக்கை லைட் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், அதை அழிக்க அந்த யூனிட்டோடு பேசத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும், எஞ்சின் கோளாறுக் குறியீட்டை மட்டும் படிக்கிற மலிவு புளூடூத் கருவி உதவாது.

சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி டார்ச் அடித்தால் மேட்டிலிருந்து வரும் இரண்டு வயரும் ஒரு சின்ன கனெக்டரும் தெரிந்தன. பிரித்து மேட் பக்கம் மட்டும் மல்டிமீட்டர் வைத்தேன். காலியாக இருக்கும்போது இணைப்பே இல்லை, முழங்காலை வைத்து அழுத்தியதும் இணைப்பு காட்டியது, எடுத்தால் போனது. சில கார்களில் மேட்டுக்குள் ரெசிஸ்டர் இருக்கும், அங்கே இரண்டு நிலையிலும் இரண்டு வேறு ஓம் அளவு வரும். எப்படியானாலும் உட்கார்ந்தால் மாறி, எழுந்தால் பழைய அளவுக்கே திரும்ப வேண்டும், அளவு தள்ளாடினால் மேட் போய்விட்டது என்று அர்த்தம். என்னுடைய மேட் நன்றாக இருந்தது. கனெக்டரின் மறுபாதியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் பின்னைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்ததும், விரலில் ஈரம் ஒட்டியதும் தெரிந்தது. கார்ப்பெட்டை அழுத்தினால் அடியிலிருந்து தண்ணீர் ஊறியது.

தண்ணீர் ஏசியிலிருந்து வந்தது. நம் ஊர் கார்களில் ஏசி எவாப்பரேட்டர் (காற்றைக் குளிர்விக்கும் பாகம்) பெரும்பாலும் இடது பக்க டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது, அதில் சேரும் நீர் ஒரு சின்ன ரப்பர் பைப் வழியாக ரோட்டில் சொட்ட வேண்டும். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் சொட்டவே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். பைப்பில் மண்ணும் இலைத் தூளும் அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே திரும்பியிருந்தது, ஈரம் இரண்டு பின்னையும் சேர்த்ததும் கார் ஆள் உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டது. பைப்பைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, கார்ப்பெட்டை வெயிலில் காய வைத்து, பின்களில் கான்டாக்ட் கிளீனர் அடித்து, கனெக்டரைத் தரையில் படாமல் சீட் ஃபிரேமோடு டேக் போட்டுக் கட்டினேன். சீட் நகர்ந்தாலும் வயர் இழுபடாத அளவுக்குத் தொய்வு விட்டுக் கட்டுவது முக்கியம். அதற்கப்புறம் ஏசியால் அந்தப் பிரச்சினை வரவே இல்லை.

இன்னொரு தடவை பீப் அடித்தது புது சீட் கவரால். ஆர்ட் லெதர் கவரை இறுக்கி இழுத்துக் கட்டியிருந்தார்கள், அந்த இறுக்கமே மேட்டை அழுத்திக்கொண்டிருந்தது. அடியில் உள்ள பட்டையைத் தளர்த்தியதும் சத்தம் நின்றது. கவர் போட்ட பிறகு ஆரம்பித்த கோளாறு என்றால் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

இதைத் தேடும்போது கண்ணில் படும் அமெரிக்க வீடியோக்களை அப்படியே நம் காருக்குப் பொருத்தாதீர்கள். அங்கே 2006 செப்டம்பர் முதல் தயாரான கார்களில் முன்சீட்டில் இருப்பது குழந்தையா பெரியவரா என்று எடையை வைத்துப் பார்த்து பேசஞ்சர் ஏர்பேக்கையே நிறுத்திவைக்கும் சென்சார்கள் பரவலாக உண்டு. அவற்றை மாற்றினால் காலி சீட்டில் வைத்து ஸ்கேனரால் பூஜ்ய அளவு பதிய வேண்டியிருக்கும். என் காரில் இருப்பது வெறும் பெல்ட் நினைவூட்டல் மேட்.

சத்தம் தாங்காமல் பலர் பெல்ட் போட்டதாகக் காரை ஏமாற்றும் டம்மி கிளிப்பைப் பக்கிளில் மாட்டிவிடுகிறார்கள். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளிலிருந்து அவற்றை நீக்கச் சொல்லி உத்தரவிட்டது, சரியான முடிவு. பெல்ட் போடாத உடம்பு மோதலில் முன்னால் பறந்து, விரியும் ஏர்பேக்கில் போய் அடிபடும், காப்பாற்ற வேண்டியதே காயப்படுத்தும். பீப் அடித்து எரிச்சலூட்டும் சென்சாரைவிட எனக்கு அதிகம் பயம் தருவது சத்தமே போடாத சென்சார்தான். வயர் அறுந்தோ மேட் மடிந்து விரிசல் விட்டோ போனால் ஆள் உட்கார்ந்தும் கார் வாய் திறக்காது, யாருக்கும் தெரியவும் தெரியாது. அதனால் எப்போதாவது வண்டியை நிறுத்தி வைத்து, பக்கத்தில் ஒருவரைப் பெல்ட் இல்லாமல் உட்கார வைத்து இக்னிஷன் போட்டு, டேஷ்போர்டில் லைட் எரிகிறதா என்று பார்க்கிறேன். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை.

மேட்டே போய்விட்டது என்று உறுதியானால், குஷன் முழுக்க மாற்றச் சம்மதிக்கும் முன் பார்ட் நம்பரை எழுதி வாங்கி, மேட் மட்டும் தனியாக வருகிறதா என்று ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரிலும் கேளுங்கள், அதோடு கழற்றிய மேட்டை உங்கள் கண்முன் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.