காற்றைச் சலிப்பதா, ஈரத்தை இறக்குவதா?

மொரிஷியஸ் தீவின் நடுமேட்டில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் உள்ள கியூர்பிப்பில், கடலோரத் தலைநகர் போர்ட் லூயிஸ் வெயிலில் காயும் நாளிலும் எங்கள் கொடியில் துணி காய்வதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தைப்பூசக் காவடிக்காக அலமாரியைத் திறந்தபோது, மடித்து வைத்திருந்த ரோஜா நிற வேட்டியின் மடிப்போரங்களில் திருநீறு தூவியதுபோல் பூஞ்சணம் பூத்திருந்தது. அம்மாவின் இருமலுக்காக வாங்கிய, காற்றிலுள்ள தூசியை வடிகட்டும் ஏர் பியூரிஃபையர் அதே அறையில்தான் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதமே, காற்றின் ஈரத்தைத் தண்ணீராக்கித் தொட்டியில் சேர்க்கும் டீஹியூமிடிஃபையர் ஒன்றும் வாங்கினோம். ஆகவே இரண்டையும் வைத்துப் பார்த்தே எழுதுகிறேன். என் சாய்வு ஈரத்தை இறக்கும் கருவியின் பக்கமே.

பியூரிஃபையரைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. அதிலுள்ள ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் தரத்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டவுடன் கருவியில் சிவப்பாக எரியும் விளக்கு, அரைமணி நேரத்தில் நீலமாகிவிடும். ஆனால் பூஞ்சணத்தில் அது பிடிப்பது மிதக்கும் வித்துகளை மட்டுமே. சுவர் நனைந்திருக்கும்வரை புதிய வித்துகள் வந்துகொண்டேதான் இருக்கும். ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குமேல் நீடித்தால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். தூசிப் பூச்சிக்கு 50க்குமேல் இருந்தாலே போதும். எங்கள் படுக்கையறை ஈரமானி அன்று காட்டியது 84. இப்போது மாலை ஆறு மணி நேரம் டீஹியூமிடிஃபையர் ஓடினால் 55க்கு இறங்குகிறது.

என் மனத்தை முடிவாக மாற்றியது பராமரிப்பு. பெரும்பாலான ஹெப்பா வடிகட்டிகளைக் கழுவ முடியாது. ஆண்டுக்கு ஒன்றாவது மாற்ற வேண்டும். நாங்கள் வாங்கிய மாடலுக்கு உதிரி வடிகட்டி கடையில் இல்லாமல், வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மூன்று மாதம் காத்திருந்தோம். அதற்குள் பழைய வடிகட்டி, தூசியும் ஈரமும் சேர்ந்து, தானே மக்கிய நாற்றம் வீசத் தொடங்கியது. காற்றைத் தூய்மையாக்க வாங்கியதை அணைத்துவைக்க வேண்டியதாயிற்று. டீஹியூமிடிஃபையரிலோ தொட்டி நிறைந்தால் தண்ணீரைக் கொட்டி, இரு வாரத்துக்கு ஒருமுறை வலையைக் குழாயடியில் அலசினால் வேலை முடிந்தது. அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. தரை துடைக்கப் பயன்படுகிறது.

டீஹியூமிடிஃபையருக்குக் குறைகளும் உண்டு. அட்டையில் ‘நாளொன்றுக்கு 12 லிட்டர்’ என்றிருந்தாலும், அத்தகைய கணக்கு பெரும்பாலும் 30 பாகை வெப்பத்துக்கும் 80 விழுக்காடு ஈரப்பதத்துக்கும் உரியது. இங்கே குளிர்காலமான ஆகஸ்டில் எங்களுக்கு நான்கு லிட்டர் கிடைத்தாலே அதிகம். அறை சற்றுச் சூடாகும், இரைச்சலும் கேட்கும். மின்செலவு, எதிர்பார்த்ததற்கு மாறாக, பெரிதாக வேறுபடவில்லை: 250 வாட் டீஹியூமிடிஃபையர் ஆறு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட், 40 வாட் பியூரிஃபையர் நாள் முழுவதும் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். அதை இயக்கும் கம்ப்ரசர் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை இரண்டு ஆண்டு அனுபவத்தில் உறுதியாகச் சொல்ல இயலாது.

அடுப்படிப் புகைக்கு இவ்விரண்டும் வேண்டாம். சன்னலும் எக்ஸாஸ்ட் விசிறியும் போதும். தீவின் கிழக்கே ஃபிளாக் பக்கம் கரும்புத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கும் என் அக்காவின் கதை வேறு. அறுவடைக்காலத்தில் தோகையைக் கொளுத்தினால் வாசலில் கரி படியும். அங்கே பியூரிஃபையர்தான் பயன்படும். எங்களுடையதை, புது வடிகட்டியோடு, அவளிடமே கொடுத்துவிட்டோம்.