முழுசா லானா, பகுதி பிரிச்ச தோட்டமா? ரெண்டையும் வெச்சுப் பாத்தாச்சு

மதுரையில எங்க வீட்டு வாசல்ல ஒரு சென்ட் இடம், 435 சதுர அடி. முதல்ல பூரா மெக்சிகன் புல் போட்டோம். மூணு வருஷம் கழிச்சு அதை எடுத்துட்டு, இடத்தை மூணா பிரிச்சு செடி வெச்சோம், இப்ப ஒண்ணரை வருஷம் ஆகுது.

லான் பாக்க அழகு, பிள்ளைங்க உருண்டு விளையாடலாம், அதுல மாத்துக் கருத்தே இல்ல. பிரச்சனை தண்ணிதான். கோடையில புல்லுக்கு தினமும் 5 மில்லிமீட்டர் தண்ணியாவது வேணும், அதாவது சதுர மீட்டருக்கு 5 லிட்டர், ஒரு சென்ட்டுக்குக் கணக்குப் போட்டா 200 லிட்டர், சித்திரையில போர் தண்ணி கீழ இறங்குற நேரத்துல இதை எங்க போய் கொண்டு வர்றது? அப்புறம் செம்மண்ணோட வந்து சேர்ந்த கோரை. இழுத்தா தாள் மட்டும் கையோட வரும், கிழங்கு உள்ளயே கெடக்கும், ஒரு வாரத்துல திரும்ப நீட்டிக்கிட்டு நிக்கும்.

பகுதி பிரிச்சா தண்ணியையும் பிரிக்கலாம், எனக்கு இதுதான் பெருசு. மேற்கு வெயில் அடிக்கிற கேட் பக்கம் காகிதப்பூ, சோத்துக்கத்தாழை, அடீனியம்ங்கிற பாலைவன ரோஜா, இதுக்கெல்லாம் நாலு நாளைக்கு ஒருதடவை ஊத்தினா போதும். மாமர நிழல்ல பெரணி, மணி பிளான்ட். சமையக்கட்டுத் தண்ணி வர்ற ஓரத்துல வாழையும் கல்வாழையும், அதுங்களுக்குன்னு தனியா பைப் திறக்கிறதே இல்ல. முதல்ல ஒரு அடீனியத்தை கல்வாழை பக்கத்துல வெச்சிருந்தேன், ஒரே மாசத்துல அடித்தண்டு கனிஞ்ச சப்போட்டா மாதிரி விரலுக்கு அமுங்கிருச்சு. அதனால கலர் பாக்குறதுக்கு முன்னாடி எது எவ்வளவு தண்ணி குடிக்கும்னு பாத்து சேத்து வைங்க.

கலரும் முக்கியம்தான். செவ்விலை கல்வாழைக்கு முன்னாடி மஞ்சப் பச்சை இலை விடுற துரந்தாச் செடியைக் குட்டையா வெட்டி விட்டிருக்கேன், ரெண்டும் ஒண்ணையொண்ணு தூக்கிக் காட்டுது. திண்ணை ஓரம் நந்தியாவட்டை, பொழுது சாஞ்ச பிறகும் அந்த வெள்ளை மட்டும் கண்ணுக்குத் தெரியும். சின்னப் பிள்ளைங்க இருந்தா அரளி வேணாம், செடி முழுக்க விஷம்.

வேலையே இல்லன்னு சொல்லமாட்டேன், துரந்தாவை மாசம் ஒருதடவை வெட்டணும், மாவிலையைக் கூட்டணும். செடிங்க இன்னும் முழுசா வளரல, அதனால அஞ்சு வருஷம் கழிச்சு எவ்வளவு நெருக்கமா அடைச்சுக்கும்னு இப்பவே அடிச்சுச் சொல்ல முடியாது. கிணத்துல வருஷம் பூரா தண்ணி நிக்கிற வீடுன்னா பாதி இடத்துக்குப் புல் போடலாம். எங்க வீட்டுல பாப்பா விளையாட மாமரத்தடியில ஒரு பாய் அகலத்துக்கு வெறும் மண்ணா விட்டிருக்கோம்.