நாய்ச் சொட்டில் கால் பங்கு பூனைக்குப் போதுமா?

கடை அலமாரியில் இரண்டு டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும், ஒன்றில் நாய்ப் படம், மற்றதில் பூனைப் படம். பெரிய நாய்க்குத் தெள்ளு போகத் தோலில் விடுகிற சொட்டு மருந்து ஒன்று வாங்கி நாலாகப் பிரித்தால் நாலு பூனைக்கு ஆச்சு, ஒரு மட்டன் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பியது) காசாவது மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் நம்மில் நிறைய. நானும் போட்டிருக்கிறேன். அந்தக் கணக்கு எந்த மருந்தில் சரி, எந்த மருந்தில் பூனையைக் கொன்றுவிடும் என்பதுதான் விஷயம்.

போன ஈஸ்டருக்கு இங்கே டர்பன் பக்கத்து இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு சாட்ஸ்வொர்த்தில் பெரியம்மா வீட்டுக்கு வந்தால், அவர்களுடைய பூனை சுண்டு சமையலறை நடுவில் நின்று முன்னங்காலை உதறிக்கொண்டே இருக்கிறது, ஈரத்தில் மிதித்துவிட்ட மாதிரி. காது இரண்டும் தனித்தனியாகத் துடிக்கின்றன. "காலையில நாய் ராஜாவுக்குப் போட்ட மருந்துல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, இதுக்கும் வச்சேன், தெள்ளு ரொம்ப கண்ணு" என்றார்கள். குறைத்துப் போட்டால் ஒன்றும் ஆகாது என்று கடையில் சொன்னார்களாம். ஒரு மணி நேரத்தில் வாயில் நுரை, அப்புறம் உடம்பு முழுக்க நடுக்கம். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், பொடி எழுத்தில் பெர்மெத்ரின் என்கிற பூச்சிமருந்து 50 சதவீதம், பக்கத்தில் பூனைப் படத்துக்கு மேல் குறுக்குக் கோடு. அந்தப் படம் பெரியம்மா கண்ணில் படவே இல்லை, எனக்கும் கண்ணாடி போட்ட பிறகுதான் பட்டது.

குறைத்துப் போட்டாலும் ஏன் ஆபத்து என்று அன்றைக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 சதவீதம் என்றால் ஒரு மில்லியில் 500 மில்லிகிராம். நடுத்தர நாய்க்கான குழாயில் 2.5 மில்லி இருக்கும், அதில் கால் பங்கு எடுத்தாலும் 300 மில்லிகிராமைத் தாண்டும், நாலு கிலோ பூனைக்கு அது கிலோவுக்கு 75க்கும் மேலே. கிலோவுக்கு 100 மில்லிகிராம் தோலில் பட்டாலே உயிர் போகலாம் என்று மருத்துவப் புத்தகங்கள் சொல்கின்றன, அதற்குக் கீழே நடுக்கம் வந்த பூனைகளும் உண்டு. குழந்தைகளுக்குப் பேனுக்குத் தருவதும் இதே மருந்துதானே என்று பெரியம்மா மகன் கேட்டான். அது 1 சதவீதம், இது 50.

நாயின் கல்லீரல் பெர்மெத்ரினை உடைத்து வெளியே தள்ளிவிடும். பூனைக்கு அந்த வேலையைச் செய்கிற நொதி மிகக் குறைவு, அதனால் மருந்து உடம்பிலேயே தங்கி நரம்பை ஓயாமல் தூண்டிக்கொண்டிருக்கும். காய்ச்சலுக்கு நாம் போடுகிற பனாடோ (பாராசிட்டமால்) ஒரே மாத்திரையில் பூனையைக் கொல்லக் கூடியது என்பதற்கும் ஏறக்குறைய இதே காரணம்தான். பூனையைச் சின்ன நாயாக நினைத்து அளவைக் குறைப்பது இதனால்தான் எடுபடாது.

சரி, மருந்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இமிடாக்ளோப்ரிட் மட்டும் இருக்கிற அட்வான்டேஜ் நாய்க்கும் பூனைக்கும் ஒரே செறிவுதான், 10 சதவீதம். பிரித்துப் போடுகிற பழக்கம் இங்கேதான் முளைத்திருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதில் பிரித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பெயரில் கடைசி எழுத்துகள் மாறி அட்வான்டிக்ஸ் ஆனால் உள்ளே பெர்மெத்ரின் 50 சதவீதம் சேர்ந்துவிடும், நாய்க்கு மட்டும். அட்வோகேட் என்று இன்னொன்று, அதில் மாக்சிடெக்டின் என்கிற புழு மருந்து நாய்க்கு 2.5 சதவீதம், பூனைக்கு 1. ஒரே நிறுவனம், காதுக்கு ஒரே மாதிரிப் பெயர், மூன்று வேறு கதை. இதை அலமாரி முன்னால் நின்று நினைவில் வைத்துக்கொள்ள யாரால் முடியும்?

ஃபிப்ரோனில் இருக்கிற ஃப்ரன்ட்லைன் பூனைக்கு ஒத்துக்கொள்ளும், பூனைக் குழாயில் அரை மில்லிதான். போட்ட இடத்தை நக்கினால் கொஞ்சம் வாய் ஒழுகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அதே குடும்பத்தில் ட்ரை-ஆக்ட் என்று பெர்மெத்ரின் கலந்தது ஒன்று உண்டு, நாய்க்கு மட்டும். வீட்டில் முயல் இருந்தால் ஃபிப்ரோனில் பக்கமே போகாதீர்கள்.

என் ஓட்டு செலமெக்டின் சொட்டுக்கு. தெள்ளோடு காதுப் பூச்சி, சில குடல் புழு எல்லாம் சேர்த்துப் போகும், குட்டிப் பூனைக்கும் போடலாம், மாதம் ஒரு தடவை. மறந்துபோகிறவர்களுக்கு ஃப்ளூராலனர் சொட்டு, ஒருமுறை போட்டால் 12 வாரம் உண்ணியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். விலை கூட, வலிப்பு வந்திருக்கிற பூனைக்குக் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. நிட்டன்பிராம் மாத்திரை அரை மணியில் தெள்ளைக் கொல்ல ஆரம்பித்துவிடும், ஒரு நாளோடு வேகம் முடிந்தது, அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. கழுத்துப்பட்டையில் கவனம்: பூனைக்கென்று பதிவான சில பட்டைகளில் இருக்கிற ஃப்ளூமெத்ரினும் பெர்மெத்ரினின் உறவுக்கார மருந்துதான், மெதுவாகக் கசிவதால் தாங்குகிறது. அமிட்ராஸ் போட்ட நாய்ப் பட்டையைப் பூனைக்கு மாட்டிவிடாதீர்கள், மாட்டுக்குத் தெளிக்கிற அமிட்ராஸ் மருந்தைக் கரைத்துக் குளிப்பாட்டுவதும் வேண்டாம். டீ ட்ரீ எண்ணெய் இயற்கைதானே என்பவர்களுக்கும் இதே பதில், பூனைக்கு அதுவும் விஷம். சந்தையில் லேபிள் இல்லாத பாட்டிலில் விற்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். முறையான டப்பாவில் தென்னாப்பிரிக்காவின் 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டப்படி கொடுத்த பதிவு எண் அச்சாகியிருக்கும்.

நாய் மருந்தைத் தேடிப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பூனை மருந்து போட்டு ஒரு வாரத்தில் மறுபடி தெள்ளைப் பார்த்ததும் "இது வேலை செய்யல, நாயுடையது வலுவா இருக்கும்" என்று தோன்றிவிடும். உடம்பில் பார்ப்பது கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் தரைவிரிப்பிலும் சோபா இடுக்கிலும் கிடக்கின்றன, கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருக்கும். டர்பன் புழுக்கத்தில் அதற்குக் குளிர்கால லீவும் கிடையாது. மருந்து கொன்றபடிதான் இருக்கிறது, புதிது புதிதாகப் பொரித்து ஏறுகிறது, அவ்வளவுதான். வீட்டில் இருக்கிற எல்லாப் பிராணிக்கும் அதனதன் மருந்தை விடாமல் மூன்று மாதமாவது போட்டு, விரிப்பைத் தினமும் வேக்யூம் செய்தால் அடங்கும்.

தப்பித் தவறிப் போட்டுவிட்டால், நடுக்கத்துக்குக் காத்திருக்காதீர்கள், அது சில மணியிலும் வரும், ஒரு நாள் கழித்தும் வரும். கால்நடை மருத்துவருக்கு உடனே போன் செய்யுங்கள். நடுக்கம் இன்னும் தொடங்கவில்லை என்றால் பாத்திரம் கழுவுகிற சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுப் போட்ட இடத்தைக் கழுவுங்கள். சுடுதண்ணீர் மருந்தை உள்ளே இழுக்கும், பச்சைத் தண்ணீர் உடம்பைக் குளிர்த்தி நடுக்கத்தைக் கூட்டும். பால் ஊற்றுவதால் ஒன்றும் நடக்காது. டப்பாவைக் கையோடு கொண்டு போங்கள். இதற்கென்று முறிவு மருந்து கிடையாது, நடுக்கத்தை அடக்கும் மருந்தும் ட்ரிப்பும் கொடுத்து உடம்பு தானாக வெளியேற்றும் வரை தாக்குப்பிடிக்க வைப்பார்கள். ஈஸ்டர் விடுமுறையில் திறந்திருந்த கிளினிக்கைத் தேடிப் பிடித்து, சுண்டு அங்கே இரண்டு ராத்திரி இருந்தது. அந்த பில் காசில் எத்தனை வருஷத்துக்குப் பூனைச் சொட்டு வாங்கியிருக்கலாம் என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள்.

பூனைக்கு நீங்கள் போடாமலே இந்த விஷம் ஏறலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுண்டு தூங்குவது ராஜாவின் வயிற்றில் சாய்ந்து, ராஜாவின் முதுகை நக்கிவிடுவதும் உண்டு. பெர்மெத்ரின் போட்ட நாயைப் பூனையிடமிருந்து மூன்று நாளாவது பிரித்து வைக்க வேண்டும், அந்த வீட்டில் அது நடக்கிற காரியமா? உண்ணிக்கு ஏதாவது கொடுக்காமலும் இருக்க முடியாது, இந்த ஊரில் உண்ணி கடித்துப் பிலியரிக் காய்ச்சல் வந்து நாயைப் பறிகொடுத்தவர்களைக் கேட்டால் தெரியும். அதனால் இப்போது ராஜாவுக்குச் சொட்டு கிடையாது, மூன்று மாதத்துக்கு ஒரு ஃப்ளூராலனர் மாத்திரை, ரோட்டிக்குள் வைத்துச் சுருட்டிக் கொடுத்தால் முழுங்கிவிடும். ரோமத்தில் ஒன்றும் இல்லை, சுண்டு எவ்வளவு வேண்டுமானாலும் நக்கிக்கொள்ளட்டும்.