கண்புரை அறுவையா? செய்யப்போவது யார் என்று முதலில் கேளுங்கள்

அம்மாவுக்குக் கண்புரை நன்றாக முற்றிப் பழுப்பேறியிருந்தது. தனியார் கண் மருத்துவமனை ஒன்றில், கூடுதல் பணம் கட்டினால் சிறு துளை வழியாகப் புரையை உறிஞ்சும் பேக்கோ முறையில் செய்துவிடலாம், தையல் இல்லை, மரக்க ஊசி இல்லை, சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். அறுவை செய்யப்போகிற மருத்துவர் அந்த முறையை அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சொட்டு மருந்து விட்டுத்தான் கண்ணை மரக்கவைத்தார்கள். அம்மா முழு நினைவோடு இருந்தார். பாதியில் ஒருவர், "வெளியே எடுக்காதீர்கள், அப்படியே இருங்கள்" என்று பதறியதும், பிறகு வேறொருவர் வந்து உட்கார்ந்ததும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அறுவைக் குறிப்பிலும் இரண்டு மருத்துவர்களின் பெயர்கள். விடாமல் கேட்டபிறகே, "பழைய முறையில் அவர் கைதேர்ந்தவர், பேக்கோ இப்போதுதான் தொடங்கியிருக்கிறார்" என்று தலைமை மருத்துவர் ஒப்புக்கொண்டார்.

பேக்கோவில் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான துளை வழியாக, அதிரும் ஊசியால் புரையை உடைத்து உறிஞ்சுகிறார்கள். புரைக்குப் பின்னால் இருக்கும் உறையின் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது. அது கிழிந்தால் புரைத் துண்டுகள் கண்ணின் ஆழத்தில் விழுந்துவிடும். அம்மாவுக்கு அதுதான் நடந்தது. விழித்திரை மருத்துவரிடம் ஓடி இரண்டாவது அறுவை, வீங்கிப்போன கருவிழி, இடம் தள்ளிப்போன செயற்கை லென்ஸ். இன்றும் அந்தக் கண்ணால் நாளிதழின் தலைப்பைத்தான் படிக்க முடிகிறது. முதல் மருத்துவமனையோ, "கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்று ஆங்கிலப் படிவத்தை நீட்டியது.

எந்த மருத்துவரும் கற்றுத்தான் தேற வேண்டும். தொடக்க கால அறுவைகளில் உறை கிழிவது கூடுதல் என்பது அத்துறையில் எல்லோரும் அறிந்தது. அதனால்தான் ஆட்டுக்கண்ணிலும் சிமுலேட்டரிலும் பழகி, மென்மையான புரைகளில் தொடங்கி, மூத்தவர் அருகிருக்கப் படிப்படியாக முன்னேறச் சொல்கிறார்கள். இறுகிய பழுப்புப் புரை தேர்ந்த கைகளையே சோதிக்கும். இத்தகைய புரைக்கு, சற்றுப் பெரிய துளையிட்டுக் கையால் எடுக்கும் எஸ்.ஐ.சி.எஸ். முறை நல்ல பலன் தருகிறது. பெரும்பாலும் அதற்கும் தையல் தேவைப்படாது. நம் நாட்டில் லட்சக்கணக்கானோர் அதில்தான் பார்வை பெற்றிருக்கிறார்கள். அந்த மருத்துவர் கைதேர்ந்திருந்ததும் அதே முறையில்தான்! தெரிந்ததைச் செய்யாமல், தெரியாததைக் கூடுதல் விலைக்கு விற்று, பழகுவதற்கு அம்மாவின் கண்ணை எடுத்துக்கொண்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே, வெட்கப்படாமல் கேளுங்கள். யார் செய்யப்போகிறார்? இந்த முறையில் தனியாக எத்தனை செய்திருக்கிறார்? புரை எவ்வளவு இறுகியிருக்கிறது, அதற்கு இதுதான் ஏற்றதா? நடுவில் சிக்கல் வந்தால் விழித்திரை மருத்துவர் இருக்கிறாரா? மருத்துவமனைக் கவுன்சலரிடம் கேட்டுப் பயனில்லை, மருத்துவரிடமே கேளுங்கள். படிவத்தைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். அறுவைக்குப் பின் வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ, ஒளிக்கீற்றுகள் மின்னினாலோ காத்திருக்காமல் அன்றே போங்கள்.

சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. பணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. புகார் கொடுக்க இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. நாங்கள் ஆவணங்களை வாங்கிவிட்டோம், நுகர்வோர் ஆணையத்தில் மனுவும் கொடுத்துவிட்டோம்.