நேரக் கணக்கு நோட்டு: மூன்று வருடம் எழுதிய பிறகு

2022 வைகாசியில் ஒரு அம்மா, மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை மதுரையில் இருக்கும் என் தையல் கடைக்கு வந்தார். ஜாக்கெட் ரெடியாக இல்லை. கை இணைக்கவில்லை, ஹூக் வைக்கவில்லை. "அழகரே தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்குப் பிந்தித்தான் வந்தாரு. அவரு ஆத்தோட திரும்பிப் போயிட்டாரு. நான் எங்கக்கா போறது?" என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. அன்று ராத்திரி பதினொன்றரைக்கு முடித்து, அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் ஜாக்கெட் தைக்கிறேன். காலை பத்து மணி முதல் ராத்திரி எட்டரை வரை கடையில்தான் இருக்கிறேன். அப்படியும் ஏன் எப்போதும் பிந்துகிறது? அந்த ஆடியில், கல்யாண வேலை குறைந்திருந்த நேரத்தில், 80 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஒரு மாதம் எதையும் மாற்றவில்லை. எத்தனை மணிக்கு எந்த வேலையில் உட்கார்ந்தேன், எப்போது எழுந்தேன், எதற்காக எழுந்தேன், அவ்வளவுதான் எழுதினேன்.

ஒரு நாளின் வரிகள் இவை: 10.05 கட்டிங். 10.20 அளவு கொடுக்க வந்தவர். 10.45 போன். 10.50 மறுபடி கட்டிங், முதுகுத் துண்டைத் தேடினேன். 11.10 வாட்ஸ்அப்பில் கழுத்து டிசைன் அனுப்பியவருக்குப் பதில். அன்று மட்டும் 21 தடவை மெஷினை விட்டு எழுந்திருக்கிறேன். லைனிங் ஜாக்கெட் ஒன்றுக்கு எவ்வளவு நேரம் என்று யார் கேட்டாலும் ஒன்றரை மணி என்றுதான் சொல்லி வந்தேன். நோட்டில் இருந்தது 2 மணி 40 நிமிடம். இருபது வருடம் தைத்தும் இது எனக்குத் தெரியவில்லை. கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-லேயே இதற்குத் திட்டமிடல் பிழை (planning fallacy) என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இதே வேலை முன்பு பிந்தியது நன்றாகத் தெரிந்திருந்தும், இந்தத் தடவை சீக்கிரம் முடியும் என்றே மனம் கணக்குப் போடுமாம். என் பில் புக் முழுக்க அப்படிப்பட்ட கணக்குதான்.

நிர்வாகவியல் பேராசிரியர் சார்லஸ் மான்ஸ் 1980-களில் வளர்த்தெடுத்த சுயதலைமை என்ற கருத்தைப் பற்றி அப்புறம்தான் படித்தேன். தன்னைக் கவனிப்பது, தனக்குத் தானே இலக்கு வைப்பது, வேலைக்குள்ளேயே சந்தோஷத்தைக் கண்டுபிடிப்பது எல்லாம் அதில் வருகிறது. எனக்கு முழுசாக உதவியது முதலாவதுதான். பிந்தினால் உண்டியலில் பத்து ரூபாய் அபராதம் என்றுகூட வைத்துப் பார்த்தேன். இரண்டு வாரத்தில் நோட்டைத் திறக்கவே பிடிக்கவில்லை. அபராதத்தை எடுத்துவிட்டேன்.

டைமரும் வாங்கினேன். இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் கடைசியில் தக்காளி வடிவச் சமையல் டைமரை வைத்து, 25 நிமிடம் வேலை, பிறகு சின்ன ஓய்வு என்ற முறையை உருவாக்கினார். நம் நாழிகை 24 நிமிடம். ஒரு நாளுக்கு 60 நாழிகை. என் நோட்டில் நான் எழுதுவது நாழிகைதான். கட்டிங்குக்கும் பில் கணக்குக்கும் டைமர் அருமை. கை இணைக்கும்போது மட்டும் வேண்டாம். பாதித் தையலில் மணி அடித்தால் சுருக்கம் விழுந்துவிடும். போனிலேயே டைமர் இருக்கிறதே என்பார்கள். போனை எடுத்தால் வாட்ஸ்அப்பும் கூடவே வரும். சாவி கொடுக்கிற டைமரே போதும்.

உண்மையில் என் நேரம் கைநழுவியது மெஷினில் இல்லை. "வெள்ளிக்கிழமை கிடைச்சிருமாக்கா?" என்று கேட்டதும், "தந்துர்றேன்" என்று சொல்லிவிடும் வாயில்தான். இப்போது நோட்டைத் திறந்து, மிச்சமிருக்கும் நாழிகையை எண்ணி, அப்புறம்தான் தேதி சொல்கிறேன். முதல் ஆறு மாதத்தில் பழைய வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் வேறு கடைக்குப் போனார்கள். வருத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் தேதியை மாற்றவில்லை. அளவு எடுப்பது மாலை நாலு முதல் ஆறு வரை. உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தவரிடம் மட்டும் "நாலு மணிக்கு வாங்க" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்கு எப்போது வந்தாலும் டேப்பை எடுப்பேன். பராமரிப்புக்காகக் கரண்ட் போகும் நாள் முழுக்கக் காஜா, ஹூக், கட்டிங்.

எல்லாக் காலத்திலும் இந்தப் பழக்கம் தாக்குப்பிடிக்கவில்லை. 2023 சித்திரைத் திருவிழாவில் பத்து நாள் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. தேர் மாசி வீதிகளில் வருகிற நாளில் யார் உட்கார்ந்து தைப்பது? இப்போது அன்று கடையைச் சாத்திவிடுகிறேன். 2024-ல் அம்மா படுக்கையில் இருந்த நான்கு மாதம் பெரிய சோதனை. என்னால் எழுத முடியவில்லை. என்னிடம் வேலை பழகும் பெண்தான் எழுதினாள். அவள் கையெழுத்தில் "அக்கா ஆஸ்பத்திரி" என்று வரிசையாக இருக்கும் பக்கங்களைப் பார்த்துத்தான், அந்த மாதங்களில் நான் தினமும் இரண்டரை மணி நேரம்தான் தைத்தேன் என்று தெரிந்தது. அதற்குத் தகுந்த மாதிரி ஆர்டரைக் குறைத்தேன். அம்மா பக்கத்தில் இருந்த நேரத்தைக் குறைக்கவில்லை.

ஒரு லைனிங் ஜாக்கெட் இப்போது 2 மணி 5 நிமிடத்தில் முடிகிறது. கை வேகம் கூடவில்லை, எழுந்திருப்பதுதான் குறைந்தது. ஒன்றரை மணிக்கு இன்னும் வரவில்லை, இனி வரும் என்றும் நினைக்கவில்லை.

ஆவணி முகூர்த்தத்துக்குத் துணி வர ஆரம்பித்துவிட்டது. இன்று காலை வரை 31 பதிவு. 38 ஆனதும் நோட்டில் கோடு போட்டுவிடுவேன். அதற்குமேல் வருகிறவர்களுக்கு, நன்றாகத் தைக்கிற பக்கத்துத் தெரு அக்காவின் நம்பரை ஒரு சீட்டில் எழுதித் தயாராக வைத்திருக்கிறேன்.