அடைக்கோழி, கரு முட்டை, கூண்டு எல்லாம் ஒரே 'செட்': வாங்கும் முன் இதைப் படியுங்கள்

வீட்டுக் கொல்லையில் நாலைந்து கோழி வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அடைக்கோழி (குஞ்சு பொரிக்க முட்டை மேல் உட்கார்ந்திருக்கும் கோழி), அதன் அடியில் முட்டை, கூடவே கூண்டு என்று சேர்த்து விற்கும் ஒருவரிடம் வாங்கி ஏமாந்தேன். இவர் பெயரை மாற்றி மாற்றி விளம்பரம் போடுகிறார். அதனால் ஆளைச் சொல்வதைவிட விற்கும் விதத்தைச் சொல்கிறேன்.

அவர் சொன்னது இதுதான்: பெட்டைகள் இரண்டும் அடையில் இருக்கின்றன. முட்டைகள் 10 நாள் அடை கண்டவை, இன்னும் 11 நாளில் குஞ்சு. கூண்டுக்குள் நாய், பூனை, கீரி எதுவும் நுழையாது. பணம் மட்டும் முழுதாக முன்னாலேயே வேண்டும். வழியில் முட்டை ஆறிவிடாதா என்று கேட்டேன். "கொஞ்ச நேரம் ஆறினால் ஒன்றும் ஆகாதுங்க, தாய்க்கோழியே தினமும் எழுந்து போய் தின்றுவிட்டுத்தானே வருகிறது" என்றார். அது உண்மைதான். இப்படி உண்மையைக் கலந்து பேசுவதுதான் இவருடைய சாமர்த்தியம்.

வந்து இறங்கிய கோழிகள் படத்தில் பார்த்தவை இல்லை. இரண்டுக்கும் அலகு நுனி வெட்டப்பட்டிருந்தது. அது முட்டைப் பண்ணையில் செய்கிற வேலை. ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கக் குஞ்சிலேயே நறுக்கிவிடுவார்கள். கழுத்திலும் முதுகிலும் சிறகு தேய்ந்து போயிருந்தது. அப்படிப்பட்ட பண்ணை இனங்களில் அடை படுக்கும் குணமே அரிது. அடை படுத்தால் முட்டை நின்றுவிடும் என்பதால் அந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்தே அந்த இனங்களை உருவாக்கியிருக்கிறார்கள்.

கூடையில் முட்டை மேல் உட்கார வைத்தால் இரண்டும் குதித்து இறங்கித் தீவனத்தட்டைத் தேடிப் போயின. போன் செய்தேன். "வண்டிக் குலுக்கலில் அடை கலைந்திருக்கும், நாங்கள் பொறுப்பில்லை" என்றார். இந்தப் பதிலைக் கவனியுங்கள். இடம் மாற்றினால் அடை கலைவது நிஜமாகவே நடக்கும், ஆகவே யாரும் சட்டென்று மறுத்துப் பேச முடியாது. ஆனால் மறுநாள் காலையில் ஒரு கோழி முட்டை போட்டது. அடுத்த நாள் இரண்டுமே போட்டன. உண்மையான அடைக்கோழி முட்டையிடுவதை நிறுத்தியிருக்கும். அடை கலைந்தாலும் மறுபடி முட்டைக்கு வர அதற்கு ஒரு வாரத்துக்கு மேலாவது பிடிக்கும். தூக்கிப் பார்த்தால் அடிவயிற்றிலும் சிறகு உதிரவில்லை. அடையில் 10 நாள் இருந்த கோழிக்கு அங்கே தோல் வெறுமையாக, சூடாக இருக்கும். முட்டைக்கு அந்தச் சூடுதான் போகிறது.

முட்டைகள் இன்னும் மோசம். இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தை அகன்ற முனையில் வைத்துப் பார்த்தோம். 10 நாள் கரு என்றால் சிலந்திவலை மாதிரி ரத்த நாளங்களும் நடுவே அசையும் கரும்புள்ளியும் தெரிய வேண்டும். ஒன்றில்கூட இல்லை, எல்லாம் மஞ்சள் வெளிச்சமாகத் தெளிவாக இருந்தன. உடைத்துப் பார்த்தால் சமையலுக்கு உடைக்கிற முட்டை போலவே மஞ்சள் கரு முழுசாக நின்றது. சேவலோடு சேராத கோழிகளின் முட்டை, அவ்வளவுதான். அடையே காணாதவை. அகன்ற முனையில் ஓட்டுக்குள் இருக்கும் காற்றறை பெரிதாக இருந்ததைப் பார்த்தால் பழைய முட்டையும்கூட. இதையெல்லாம் படம் எடுத்து அனுப்பியதும் என் எண்ணை முடக்கிவிட்டார்.

கூண்டு விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கோபம். புதுக் கோழிகளுக்கு நோய் ஏதும் இருந்தால் பரவக் கூடாது என்று அவற்றைத் தனியாக அடைத்துவிட்டு, எங்கள் சொந்த விடைகளை (இளங்கோழிகளை) அந்தக் கூண்டில் விட்டோம். சில நாளில் ஒரு ராத்திரி நாய் புகுந்துவிட்டது. அறுகோணக் கண் உள்ள மெல்லிய கம்பி வலைதான் கூண்டு முழுக்க. அந்த வலை மெல்லிய கம்பியை முறுக்கிப் பின்னியது, நாய் கடித்து இழுத்தால் கிழிந்துவிடும். காலையில் வலை ஓரமாகக் கிழிந்து தொங்க, விடைகள் அங்கங்கே செத்துக் கிடந்தன. தின்னவில்லை, குதறிப் போட்டிருந்தது. வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டுச் சொன்னபோது அவர் வாயாலேயே வந்தது: "அந்த வலை கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் சார்."

சரியாகத்தான் சொன்னார். அந்த வலை அதற்குத்தான் உதவும். வேட்டையாடும் பிராணிகளைத் தடுக்க அரை அங்குலக் கண் உள்ள, பற்றவைத்த தடித்த கம்பி வலை வேண்டும். ஓர் அங்குலக் கண்ணில் எலியும் சின்னப் பாம்பும் தாராளமாக நுழையும், பூனை நகத்தை விட்டுக் குஞ்சை இழுக்கும். வலையை ஓர் அடியாவது மண்ணுக்குள் இறக்க வேண்டும், அல்லது வெளிப்பக்கம் தரையில் படர விட்டுக் கல் வைக்க வேண்டும். எனக்கு வந்த கூண்டு தரையில் சும்மா நின்றது. கீரி தோண்ட நினைத்தால் பெரிய வேலையே இல்லை. கதவுக்குக் கொக்கி மட்டும்தான்.

இப்படி யாராவது விற்றால் கோழியை ராத்திரியில் போய்ப் பாருங்கள். அடைக்கோழி கூட்டிலேயே இருக்கும், கையை அடியில் விட்டால் சிலிர்த்துக்கொண்டு கொத்தும், எழுந்து ஓடாது. நேரில் போக முடியாதென்றால் இதையே வீடியோ கேளுங்கள், முட்டைக்கு டார்ச் அடிப்பதையும் சேர்த்து. விற்பவர் நேர்மையானவர் என்றால் இதற்குச் சில நிமிடம்தான் ஆகும். என்னிடம் விற்றவர், இருட்டில் போன் சரியாக எடுக்காது என்றார்.

இப்போது புது விளம்பரம் போட்டிருக்கிறார்: "குஞ்சுகளுடன் தாய்க்கோழி". படத்தில் குஞ்சுகள் ஒரே அளவில் இல்லை. சிலவற்றுக்கு இறக்கை முளைத்துவிட்டது, சில இன்னும் பஞ்சாக இருக்கின்றன. ஒரே அடையில் பொரித்தவை அப்படி இருக்காது. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், உங்கள் கண் முன்னால் குஞ்சுகள் அந்தக் கோழியின் இறக்கைக்குள் போகின்றனவா, அது அவற்றைக் கூப்பிட்டு இரை காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். தன்னுடையது இல்லை என்றால் பெரும்பாலும் கொத்தித் துரத்தும்.